ஃபிக்ஸட் பிரைஸ் ப்ராஜெக்ட், ஆனா கிளையன்ட் "நாங்க அஜைல்"ங்கறாரு. எப்படி சமாளிக்கறீங்க?

அரைப்புள்ளி:
வணக்கம் மக்களே. எட்டு வருஷம் கம்பெனில குப்பை கொட்டிட்டு இப்ப ஒரு வருஷமா தனியா ஃப்ரீலான்ஸ் பண்றேன், பேக்எண்ட் தான் மெயின். கையில இருக்கறது ஒரு புக்கிங் சிஸ்டம். மொத்தத்துக்கும் இவ்வளவுன்னு ஒரே தொகை பேசி 3 மாசத்துல முடிச்சு தரேன்னு கையெழுத்தும் போட்டாச்சு. ஆரம்பத்துலயே கிளையன்ட் "நாங்க அஜைல் முறைல தான் போவோம்"னாரு, அதாவது கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு காட்டி, கருத்து கேட்டு திருத்திக்கிட்டே போறது, நமக்கு பழகினது தானேன்னு நானும் தலைய ஆட்டிட்டேன். இப்ப என்னடான்னா ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்ப்ரிண்ட்னு வேலைய துண்டு போட்டிருக்கு, ஒவ்வொரு டெமோ முடிஞ்சதும் புதுசா நாலு ஐட்டம் வருது, பழையது ஒண்ணும் குறையறதில்ல. லாகின் பக்கத்த மட்டும் மூணு தடவை மாத்திட்டேன், முதல்ல பாஸ்வேர்டு போதும்னாங்க, அப்புறம் ஓடிபி, அப்புறம் ரெண்டும் இருக்கட்டும்னாங்க, இப்ப கூகுள் லாகினும் வேணுமாம். காசு பத்தி வாயத் திறந்தா "மாற்றத்த வரவேற்கறது தானே அஜைல்"னு எனக்கே பாடம் எடுக்கறாரு. இதுல தினமும் ஸ்டாண்டப்னு வேலை நிலவரம் பேசற கூட்டம் வேற. அவங்க பக்கம் ஆறு பேரு, 15 நிமிஷம்னு பேரு, முக்கால் மணி நேரம் போகுது, அதுல நான் பேசறது ரெண்டு நிமிஷம். நான் தான் அஜைல தப்பா புரிஞ்சுக்கிட்டேனா?

பழைய கீபோர்டு:
நீங்க சரியா தான் புரிஞ்சிருக்கீங்க தம்பி, அவரு தனக்கு வசதியான பாதிய மட்டும் படிச்சிருக்காரு. 2001 பிப்ரவரில அமெரிக்கால யூட்டா மாநிலத்துல ஸ்னோபேர்டுங்கற இடத்துல 17 பேரு கூடி அந்த அஜைல் அறிக்கைய எழுதினாங்க. கூட வந்த 12 கொள்கைல ஒண்ணு, கடைசி நேரத்துல தேவை மாறினாலும் வரவேற்கணும்னு சொல்றது நிஜம் தான். ஆனா ஓசில செஞ்சு கொடுன்னு அதுல எங்கயும் இல்ல! ஒப்பந்தப் பேச்சுவார்த்தைய விட வாடிக்கையாளரோட சேந்து வேலை செய்யறது முக்கியம்னு இருக்கு, அதையும் சொல்லுவாரு பாருங்க. அதே அறிக்கைல கீழயே, ஒப்பந்தம் மாதிரி வலது பக்கம் இருக்கறதுக்கும் மதிப்பு உண்டு, சேந்து வேலை செய்யறது மாதிரி இடது பக்கம் இருக்கறதுக்கு கூடுதல் மதிப்பு தரோம், அவ்வளவு தான்னு தெளிவா போட்டிருக்கு. அத யாரும் படிக்கறதில்ல.

உங்க சிக்கல் வேற. பணமும் கட்டிப் போட்டாச்சு, தேதியும் கட்டிப் போட்டாச்சு, வேலை மட்டும் அவுத்து விட்ட மாடு மாதிரி ஓடுது. பணமும் தேதியும் அசையக் கூடாதுன்னா வேலையோட அளவும் அசையக் கூடாது. நான் பண்றது ஒரே ஒரு விஷயம், ஒண்ணு உள்ள வந்தா அதே அளவுல ஒண்ணு வெளிய போகணும். கூகுள் லாகினா, தாராளமா போடலாம், பதிலுக்கு லிஸ்ட்ல இருந்து எத எடுக்கட்டும்னு கேளுங்க. முடியாதுன்னு சொல்லாதீங்க, எது வேணாம்னு அவர சொல்ல வைங்க.

மூணாவது டேப்:
கீபோர்டு அண்ணே சொன்னது சரி, ஆனா "அதே அளவு"ன்னு சொல்றதுல தான் சண்டையே வரும். வேலை எவ்வளவு பெருசுன்னு நாள் கணக்கு இல்லாம வெறும் நம்பர் போடற ஸ்டோரி பாயிண்ட் கணக்க மட்டும் கிளையன்ட் கிட்ட கொண்டு போயிடாதீங்க. ஸ்டோரி பாயிண்ட்ட நான் தான் கண்டுபிடிச்சிருப்பேன் போல, அப்படின்னா இப்ப அதுக்கு வருத்தப்படறேன்னு ரான் ஜெஃப்ரீஸே எழுதிட்டாரு, அந்த அறிக்கைல கையெழுத்து போட்ட 17 பேர்ல அவரும் ஒருத்தர். அஜைல்ல ஒரு வகையான ஸ்க்ரமோட விதிமுறை கையேடு, அந்த ஸ்க்ரம் கைட தேடிப் பாத்தாலும் அந்த வார்த்தையே கிடையாது. நான் அரை நாள் கணக்கு தான் வச்சிருக்கேன், இது ரெண்டு அரை நாள், அது அஞ்சு அரை நாள்னு சொன்னா யாருக்கும் புரியும், தள்ளுபடி கேக்கவும் கை கூசும்.

இன்னொண்ணு, "முடிஞ்சது"ன்னா என்னன்னு எழுதி வாங்கினீங்களா? இல்லன்னு தான் நினைக்கறேன். டெமோல ஓகே சொன்னதும் அந்த ஐட்டம் மூடினதா அர்த்தம், அப்புறம் மாத்தினா அது புது ஐட்டம், இப்படி ஒரு வரி இருந்திருந்தா லாகின் கூத்து முதல் தடவையோட நின்னிருக்கும். நான் இப்பல்லாம் மொத்த விலையே பேசறதில்ல, ஸ்ப்ரிண்டுக்கு இவ்வளவு, டெமோ அன்னைக்கே பில், அடுத்த ஸ்ப்ரிண்ட் வேணாம்னா ரெண்டு பேருமே அப்படியே விலகிக்கலாம். ரெண்டு கிளையன்ட் பாதில போயிட்டாங்க தான், பணம் மட்டும் எங்கயும் மாட்டல.

நைட் ஷிப்ட்:
ஸ்டாண்டப்புக்கு மட்டும் சொல்றேன். ஸ்க்ரம் கைட் படி அது டெவலப்பர்ஸ் அன்னைக்கு வேலைய திட்டம் போடறதுக்கு, மேல இருக்கறவங்களுக்கு ஒப்பிக்கறதுக்கு இல்ல, அதுவும் 15 நிமிஷம் தாண்டக் கூடாது. நீங்க ஒத்த ஆளு, யாரோட திட்டம் போடப் போறீங்க? காலைல மூணு வரி எழுதி அனுப்பிடறேன்னு சொல்லிப் பாருங்க. தினம் முக்கால் மணின்னா வாரம் நாலு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி, உங்க மணிக்கணக்கு ரேட்டால பெருக்கிப் பாத்தா தூக்கம் வராது. தனியா வேலை பாக்கறவங்களுக்கு ஸ்க்ரம விட கான்பான் தான் செட் ஆகும்ங்கறது என் அபிப்ராயம், வேலைக்கு ஒரு கார்டுன்னு ஒட்டி வைக்க ஒரு போர்டு, ஒரே நேரத்துல ரெண்டு கார்டுக்கு மேல எடுக்கறதில்ல, ரெண்டு கிளையன்ட் இருந்தாலும் அதே ரெண்டு தான்.

மூணாவது டேப்:
ஸ்டாண்டப்ப ஒரேயடியா வெட்ட சொல்லாதீங்க பாஸ். தினம் ரெண்டு நிமிஷம் தலைய காட்டினதால தான் எனக்கு அடுத்த வேலையே வந்துச்சு. எழுதி அனுப்பறவன சீக்கிரம் மறந்துடறாங்க.

அரைப்புள்ளி:
எல்லாருக்கும் நன்றி, பத்து நாள் கழிச்சு வரேன். ஆரம்பத்துல பேசினது ஒரு பக்கம், நடுவுல வந்தது ஒரு பக்கம்னு டேபிள் போட்டு, எல்லாத்துக்கும் அரை நாள் கணக்கு எழுதி அனுப்பினேன். நடுவுல வந்தது மட்டும் 11 ஐட்டம், எனக்கே பாத்ததும் பக்குன்னு ஆச்சு. வேற எதுவும் எழுதல, எது முதல்ல வேணும்னு மட்டும் கேட்டேன். மனுஷன் அவராவே 7 ஐட்டத்த அடிச்சுட்டாரு, கூகுள் லாகினுக்கு பதிலா ஒரு ரிப்போர்ட் பக்கத்த விட்டுட்டாரு, மீதி மூணுக்கு தனியா பணம் தரேன்னுட்டாரு. ஸ்டாண்டப் வாரம் ரெண்டு நாள் ஆகிருக்கு, நான் முதல்ல பேசிட்டு கிளம்பிடுவேன். லாகின்ல ஏற்கனவே மாத்தினதுக்கு காசு வராது, அது போனது போனது தான்.

பழைய கீபோர்டு:
நல்லது தம்பி. அந்த ஓடிபி எஸ்எம்எஸ்க்கு காசு யாரு கட்டறா?

அரைப்புள்ளி:
டெஸ்டிங்குக்குன்னு என் கார்ட தான் போட்டேன் அண்ணே. இப்பதான் போய் பாத்தேன், இன்னும் என் கார்டு தான் ஓடிட்டு இருக்கு.