கொலாஜன் பவுடர் சாப்பிட்டா நேரா மூட்டுக்கு போயிடுமா? ஆட்டுக்கால் சூப் பத்தாதா?

வெயிலான்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 56 வயசு, மாடிப்படி ஏறினா முழங்கால் வலிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, இப்ப சித்தி எங்கயோ ரீல்ஸ் பாத்துட்டு கொலாஜன் பவுடர் வாங்கிக் குடுத்துட்டாங்க, அந்த ஒரு டப்பா காசுல வீட்டுக்கு ஒரு மாச மளிகையே வாங்கிடலாம் போல. டப்பா மேல "டைப் 1, டைப் 3, ஹைட்ரலைஸ்டு பெப்டைட்ஸ்"னு என்னென்னமோ போட்டிருக்கு. அம்மா என்னடான்னா "ஆட்டுக்கால் சூப்புல இருக்கறதுதானடா, இதுக்கு எதுக்கு இவ்ளோ காசு"ங்கறாங்க. நான் ப்ளஸ் டூல பயாலஜி படிச்சவன், எந்த புரோட்டீனா இருந்தாலும் வயித்துக்குள்ள போய் அமினோ ஆசிட் ஆயிடும்னுதான் ஞாபகம். அப்படின்னா கொலாஜனா போனா என்ன பருப்பா போனா என்ன, எல்லாம் ஒண்ணுதானே? தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க. "டாக்டர பாருங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க, பாத்தாச்சு, தேய்மானம் இப்பதான் ஆரம்பம்னு சொல்லி எக்சர்சைஸ் குடுத்திருக்காரு, பவுடர் பத்தி கேட்டதுக்கு "வாங்கிட்டீங்கன்னா சாப்பிடுங்க"ன்னுட்டாரு.

மொக்கராசு:
கொலாஜன் சாப்பிட்டா கொலாஜன் ஆகும்னா, வாராவாரம் மூளை வறுவல் சாப்பிடற நான் இந்நேரம் கலெக்டர் ஆகியிருக்கணும்.

லேப்எலி:
வெயிலான் ப்ரோ, நீங்க படிச்சது சரிதான், ஆனா "எல்லாம் ஒண்ணுதானே"ன்னு கேட்டீங்க பாருங்க அங்கதான் விஷயமே இருக்கு. நான் பயோகெமிஸ்ட்ரி, புரோட்டீனோடதான் நம்ம பொழப்பு, நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

ஸ்டார்ச், புரோட்டீன், டிஎன்ஏ மூணுமே சின்னச் சின்ன துண்டுகள கோத்த நீளச் சங்கிலி. ஸ்டார்ச்ல திரும்பத் திரும்ப குளுக்கோஸ் மட்டும்தான், எதுக்கப்புறம் எதுங்கற பேச்சே இல்ல. புரோட்டீன் அப்படி கிடையாது, 20 வகை அமினோ ஆசிட், எது பக்கத்துல எது உக்காருதுங்கறத வெச்சுதான் சங்கிலி எப்படி மடியும் என்ன வேலை பாக்கும்ங்கறது முடிவாகுது. கொலாஜன்ல இந்த வரிசை ரொம்பக் கறார். ஒரு சங்கிலிக்கு சுமார் 1000 அமினோ ஆசிட், அந்த நீளம் பூரா ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் கிளைசின் வந்தே ஆகணும். மத்த ரெண்டு இடத்துல புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் நெறைய. கிளைசின்தான் இருக்கறதுலயே சின்ன அமினோ ஆசிட். மூணு சங்கிலி சேந்து முறுக்கிக்கும்போது நடுவுல கிடைக்கற இடம் அவ்ளோ குறுகல், அங்க வேற எதுவும் நுழையாது. ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறி ஒரு கிளைசின் இடத்துல பெரிய அமினோ ஆசிட் ஒண்ணு வந்து உக்காந்தாக்கூட அந்த முறுக்கு கெட்டுப்போகும், பிறக்கற குழந்தைக்கு சும்மா தூக்கினாலே எலும்பு உடையற ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டாங்கற நோய் வர்றது பெரும்பாலும் இந்த மாதிரி கோளாறாலதான்.

முறுக்குன்னா கயிறு திரிக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க, ஒவ்வொரு புரியும் இடது பக்கமா முறுக்கி, மூணும் சேந்து வலது பக்கமா முறுக்கியிருக்கும். அதனால இழுத்தா பிரியாது, இறுகும். ஒரு மூலக்கூறு சுமார் 300 நானோமீட்டர் நீளம், தடிமன் வெறும் 1.5 நானோமீட்டர். இந்த மாதிரி கோடிக்கணக்குல பக்கத்துல பக்கத்துல அடுக்கி குறுக்கால பிணைச்சா அதான் தசைநார், தோல், எலும்புக்குள்ள இருக்கற நாரு எல்லாம். நம்ம உடம்பு புரோட்டீன்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இது ஒண்ணுதான்.

இந்த மூணு புரி விஷயத்த கண்டுபிடிச்சு சொன்னது மெட்ராஸ் யூனிவர்சிட்டில, ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், 1954ல நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகைல வந்துச்சு. கங்காரு வால்ல இருக்கற தசைநார எக்ஸ்ரேல வெச்சு பாத்தாங்க. அடுத்த வருஷமே ரிச்சும் கிரிக்கும் (ஆமா, டிஎன்ஏ வடிவத்த கண்டுபிடிச்ச அதே கிரிக்) மாடல்ல சில அணுக்கள் அளவுக்கு மீறி ஒட்டி நிக்குதுன்னு சொல்லி திருத்தினாங்க. ராமச்சந்திரன் விடல. அப்ப உண்மையிலேயே அணுக்கள் எவ்ளோ கிட்ட வரலாம்னு உக்காந்து கணக்கு போட ஆரம்பிச்சு, அதுல இருந்து வந்ததுதான் 1963ல ராமகிருஷ்ணன், சசிசேகரனோட சேந்து போட்ட ராமச்சந்திரன் பிளாட்ங்கற வரைபடம். இன்னைக்கும் உலகத்துல எவன் எந்த புரோட்டீன் வடிவத்த கண்டுபிடிச்சாலும் அது சரியா இருக்கான்னு அதுல போட்டு பாக்காம வெளிய விடமாட்டான். நம்ம ப்ளஸ் டூ புக்குல இதுக்கு நாலு பக்கம் குடுத்திருக்கலாம், சரி விடுங்க.

இப்ப உங்க பவுடர். இதுல ஹைட்ராக்சிபுரோலின் இருக்கு இருக்குன்னு விளம்பரத்துல பெருமையா சொல்லுவாங்க. ஆனா டிஎன்ஏல ஹைட்ராக்சிபுரோலினுக்குன்னு கோடே கிடையாது. செல்லு முதல்ல சாதா புரோலின வெச்சு சங்கிலிய கட்டிடும், அப்புறம் ஒரு என்சைம் வந்து சில புரோலின்ல ஒரு ஆக்சிஜன ஏத்தி அத ஹைட்ராக்சிபுரோலினா மாத்தும். அதனால நீங்க சாப்பிடற ஹைட்ராக்சிபுரோலின் அப்படியே போய் புதுசா கட்டற கொலாஜன்ல உக்கார வழியே இல்ல. வரிசையும் முறுக்கும் கொதிக்க வெக்கறதுலயும் ஜீரணத்துலயும் போயிடும், மறுபடி கட்டறதுக்கு வரிசை ஜீன்ல இருந்துதான் வரணும், டப்பால இருந்து இல்ல.

தோல்ஷாப்பு:
எலி சார் சொன்னத நாங்க தினம் கண்ணால பாக்கறோம். நமக்கு ராணிப்பேட்டை பக்கம், டேனரில சூப்பர்வைசர். பச்சைத் தோல தண்ணில போட்டு சூடு ஏத்தினீங்கன்னா 60, 65 டிகிரி வந்ததும் படக்குன்னு சுருங்கிடும், முறுக்கு அவுந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல கொதிக்க விட்டா கரைஞ்சு ஜெலட்டின். அந்தக் காலத்துல ஆசாரிங்க மரம் ஒட்டறதுக்கு வெச்சிருந்த வஜ்ரம் இதுதான், நீங்க முழுங்கற கேப்சூல் கூடும் பெரும்பாலும் இதுதான்.

குரோம் போட்டு பதப்படுத்தினா கதையே வேற. குரோமியம் பக்கத்துப் பக்கத்து கொலாஜன பிடிச்சு கட்டிடும், அப்புறம் கொதிக்கற தண்ணில போட்டாலும் சுருங்காது. வெட் புளூ, அதான் குரோம் ஏத்தின ஈரத்தோல், ட்ரம்ல இருந்து வந்ததும் ஓரத்துல ஒரு துண்டு வெட்டி கொதிக்கற தண்ணில போட்டு பாப்போம், சுருங்கினா மறுபடி ட்ரம்முக்கு. எங்க தாத்தா காலத்துல ஆவாரம்பட்டை, அதுவும் கொலாஜன பிடிச்சுக்கும் ஆனா குரோம் அளவுக்கு சூடு தாங்காது. அடையாறு லெதர் இன்ஸ்டிடியூட் ஆடிட்டோரியத்துக்கு டிரிபிள் ஹெலிக்ஸ்னுதான் பேரு, அதாவது இந்த மூணு புரி முறுக்கு, ஒரு தடவ ட்ரெயினிங் போனப்ப என்ன பேருடா இதுன்னு நெனச்சேன், யாருமே சொல்லல.

இன்னொண்ணு, கொலாஜன் பவுடரே மாட்டுத்தோல், பன்னித்தோல், எலும்பு, மீன் தோல் இதுல இருந்துதான் எடுக்கறாங்க. அம்மா எதாவது சாப்பிட மாட்டாங்கன்னா டப்பால எதுல இருந்து எடுத்ததுன்னு பாத்துக்கோங்க.

வெயிலான்:
அய்யோ மாட்டுத்தோலா, டப்பால "போவைன்"னு போட்டிருக்கு, சித்திக்கு இது தெரியாது, இப்போதைக்கு சொல்லப்போறதில்ல 😂

எலி அண்ணா ரொம்ப நன்றி. ஒரு டவுட்டு. நேத்து ஆட்டுக்கால் சூப் மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தோம், காலைல கேசரி மாதிரி கட்டியாயிடுச்சு. சும்மா பாப்போமேன்னு பவுடரையும் சுடுதண்ணில கலக்கி வெச்சேன், அது தண்ணியாவே இருக்கு. டூப்ளிகேட்டா? அப்புறம் வைட்டமின் சி சேந்து சாப்பிட்டாதான் வேலை செய்யும்னு போட்டிருக்கே, அது உண்மையா?

லேப்எலி:
டூப்ளிகேட் இல்ல ப்ரோ. சூப்புல மூணு புரி பிரிஞ்சாலும் சங்கிலி ஓரளவு நீளமாவே இருக்கும், ஆறினதும் அங்கங்க மறுபடி முறுக்கிக்க பாக்கும், முழுசா சேராது, நடுவுல தண்ணி மாட்டிக்கும், அதான் கட்டியாகுது. ஹைட்ரலைஸ்டுன்னா அந்த சங்கிலிய என்சைம் போட்டு துண்டு துண்டா வெட்டினது, அவ்ளோ சின்ன துண்டால முறுக்க முடியாது. கட்டியாகியிருந்தாதான் சந்தேகப்படணும், ஜெலட்டின போட்டு வித்திருக்கான்னு.

வைட்டமின் சி பாதி உண்மை. புரோலின்ல ஆக்சிஜன் ஏத்தற என்சைம் சொன்னேன்ல, அதுக்குள்ள ஒரு இரும்பு அணு இருக்கு, அத வேலை செய்யற நிலைலயே வெச்சிருக்க வைட்டமின் சி வேணும். இல்லன்னா ஹைட்ராக்சிபுரோலின் கம்மியா வரும், உடம்பு சூட்டுலயே முறுக்கு நிக்காது. ஸ்கர்விங்கற நோய் இதான். 1740கள்ல ஆன்சன்னு ஒரு இங்கிலீஷ் கேப்டனோட உலகம் சுத்தப் போனவங்கள்ல ஒருத்தருக்கு 50 வருஷத்துக்கு முன்னாடி அயர்லாந்துல நடந்த போயின்ங்கற சண்டைல வாங்கின காயம், ஆறி தழும்பானது, ஸ்கர்வி வந்ததும் திரும்ப பொளந்துடுச்சாம். ஆனா இதுக்கு மாத்திரை எதுக்கு, ஒரு கொய்யாப்பழம் போதும். வைட்டமின் சி குறையாத ஆளுக்கு மேல மேல குடுத்தா கொலாஜன் கூடுதலா வராது, பாத்ரூம்ல போயிடும்.

சாந்திஅக்கா:
நான் டயட்டீஷியன், நானும் கொஞ்சம் சொல்லிடறேன். எலி தம்பி சொன்னது கெமிஸ்ட்ரி சரி, ஆனா ஒரு ஓட்டை இருக்கு, எல்லாமே தனித்தனி அமினோ ஆசிட் ஆயிடறதில்ல. புரோலின்-ஹைட்ராக்சிபுரோலின் மாதிரி ரெண்டு ரெண்டா ஒட்டின துண்டு கொஞ்சம் உடையாம ரத்தத்துக்கே வருது, 2005லயே ஜப்பான்ல அளந்து காட்டிட்டாங்க. அந்த துண்டு செல்லுக்கு "இங்க கொலாஜன் உடையுது, புதுசா கட்டு"ன்னு சிக்னல் குடுக்கலாம்ங்கறதுதான் கம்பெனிக்காரங்களோட வாதம். கேக்க நல்லாருக்கு. தோல் ஈரப்பதம் கூடுது, சுருக்கம் கொறையுதுன்னு நெறைய ஆய்வும் இருக்கு, ஆனா முக்காவாசிக்கு காசு குடுத்தது யாருன்னு பாருங்க. 2025ல எல்லாத்தையும் சேத்து வெச்சு பாத்தவங்க, கம்பெனி காசு வாங்காத ஆய்வுகள மட்டும் தனியா எடுத்தா தோலுக்கு பலன் எதுவும் தெரியலன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அது போதும்.

உங்க அம்மா கேசுல இன்னும் மோசம். டப்பால டைப் 1, டைப் 3ன்னு இருக்கு, அது தோல், எலும்பு சமாச்சாரம். முழங்கால் குருத்தெலும்புல இருக்கறது டைப் 2. ஜீரணமான பிறகு டைப் என்ன பெரிய டைப், ஆனா விக்கறவனாவது யோசிச்சிருக்கலாம். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது, அங்க இருக்கற கொலாஜன் மாறவே மாறாதுன்னு சொல்லலாம், அதோட அரை ஆயுள், அதாவது அதுல பாதி மாறறதுக்கு ஆகற காலம், 100 வருஷத்துக்கும் மேலன்னு கணக்கு போட்டிருக்காங்க, தோல்லயே சுமார் 15 வருஷம். ஒரு டப்பால அத மாத்திடறேன்னு சொன்னா எப்படி நம்பறது?

அப்புறம் இத புரோட்டீன் கணக்குல சேக்காதீங்க. கொலாஜன்ல டிரிப்டோஃபான்ங்கற அவசியமான அமினோ ஆசிட் சுத்தமா கிடையாது, தரத்துல பாத்தா பருப்பும் சோறும் சேத்து சாப்பிடறது, முட்டை, தயிரு எல்லாம் இதவிட எவ்வளவோ மேல. டாக்டர் குடுத்த எக்சர்சைஸ விடாம செய்யச் சொல்லுங்க, தொடை சதை பலமானா முட்டி மேல வர்ற பாரம் கொறையும். சூப் ஆசைக்கு சாப்பிடட்டும், மேல நிக்கற கொழுப்ப எடுத்துடுங்க.

பாலக்கரை_குமார்:
எல்லாரும் படிச்சவங்க பேசறீங்க, ஆனா எங்க வீட்டம்மா இத சாப்பிட்டு வலி கொறஞ்சிருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க?

சாந்திஅக்கா:
கொறஞ்சா சந்தோஷம்தான் சார். ஆனா முட்டி வலி தானாவே ஏறி இறங்கற வலி, ரொம்ப வலிக்கற சமயத்துலதான் நாம எதையாவது வாங்குவோம், அப்புறம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கூடவே நடக்க ஆரம்பிச்சாங்களா, எடை கொறஞ்சுதான்னும் பாருங்க. வலி விஷயத்துல சில ஆய்வுல லேசா பலன் தெரியுதுன்னு வந்திருக்கு, அத நான் மறைக்கல, ஆனா குருத்தெலும்பு திரும்ப வளந்துச்சுன்னு நம்பற மாதிரி எதுவும் நான் பாக்கல. கெடுதல்னு பெருசா இல்ல, கிட்னி பிரச்சினை இருந்தா மட்டும் டாக்டர கேக்காம தொடாதீங்க. காசு இருந்தா சாப்பிடட்டும்.

மொக்கராசு:
சீரியஸா ஒரு கேள்வி. எங்க அண்ணி சுத்த சைவம், "வீகன் கொலாஜன்"னு ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒண்ணு வாங்கியிருக்காங்க. செடில ஏது கொலாஜன்?

லேப்எலி:
செடில கொலாஜன் கிடையாது ராசு. செடியோட நாரு செல்லுலோஸ், அது சர்க்கரைச் சங்கிலி, புரோட்டீனே இல்ல. அந்த டப்பாவ திருப்பி பின்னாடி படிக்கச் சொல்லு, பெரும்பாலும் வைட்டமின் சி, கொஞ்சம் கிளைசின், புரோலின், ஏதாவது மூலிகைச் சாறு அவ்ளோதான் இருக்கும். பேரு மட்டும் "கொலாஜன் பில்டர்"னு நைசா மாறியிருக்கும் பாரு. பில்லு இருந்தா, சீல் உடைக்கலன்னா ரிட்டர்ன் போடச் சொல்லு.

மொக்கராசு:
சீல உடைச்சாச்சு. மாம்பழ ஃப்ளேவராம், நல்லாருக்காம்.