ஸ்கராப் வண்டு புதிய சிற்றினம்தான் என்று எதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள்?

கேள்வி:
வெப்பமண்டல அமெரிக்காவில் வாழும் ஜிம்னெட்டிஸ் என்ற ஸ்கராப் வண்டு (சாணவண்டுக் குடும்பம்) பேரினத்தில், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் பிரெட் ராட்கிளிஃப் 2018-இல் சில புதிய சிற்றினங்களை விவரித்தார். ஒரே சிற்றினத்துக்குள்ளேயே நிறமும் புள்ளிகளும் வெகுவாக மாறும் இவ்வண்டுகளில், புதியது என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

மறுமொழி 1:
நிறத்தை மட்டும் நம்பிப் பிரிக்கக் கூடாது. உலர்ந்த ஆண் வண்டை வெந்நீரில் இளக்கி, இனப்பெருக்க உறுப்பை ஊசிமுனையால் மெல்ல வெளியே எடுத்து, அதன் இரு பக்கத் தகடுகளும் நுனியில் எவ்வாறு வளைகின்றன என்பதை நுண்ணோக்கியில் ஒப்பிடுவார்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் வண்டுகள் பலமுறை இங்கேதான் பிரிகின்றன. நடுக்கால்களுக்கிடையே முன்னோக்கி நீளும் மார்பு முனைப்பின் வடிவமும் உதவும்.

கேள்வி கேட்டவர்:
பெண் வண்டு மட்டும் கிடைத்தால்?

மறுமொழி 2:
ஆண் கிடைக்கும்வரை காத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. விவரிக்கும்போது, பெயரைத் தாங்கும் மாதிரி (புதிய பெயருக்கு அடிப்படையாக வைக்கப்படும் ஒரு வண்டு) எது, எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிட்டால் ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேட்டில் பதிவதும் கட்டாயம். இவற்றோடு, வண்டைக் குத்தி வைக்கும் ஊசியில் அதற்குக் கீழே குத்தப்படும் சிறு சீட்டில் இடம், உயரம், தேதி, பிடித்த முறை ஆகியவற்றைத் தவறாமல் குறியுங்கள். நாட்டின் பெயரை மட்டும் தாங்கிய பழைய சீட்டுகளால், அந்த வண்டு எந்தக் காட்டில் வாழ்ந்தது என்பதே இன்று தெரியாமல் போய்விட்டது.