புதுப்பிப்பு: ஆண்ட்ரோமெடா படத்தில் அந்த ஒற்றை நட்சத்திரம்

போன மாதம் இங்கே இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன். நான் எடுத்த ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் (galaxy) படத்தில் வட்ட வட்டமாகக் கறைகள் ஏன்? வானியலாளர் எட்வின் ஹப்பிள் அந்த மண்டலத்தில் கண்ட வி1 என்ற நட்சத்திரம் 8 அங்குலத் தொலைநோக்கியில் சிக்குமா?

கறைகள் போய்விட்டன. நீங்கள் சொன்னதுதான், சென்சார் மேல் தூசு. ஃப்ளாட் படங்களை (தூசு நிழலைக் கழிக்க, சீரான வெளிச்சத்தை மட்டும் எடுக்கும் படங்கள்) அன்றிரவே, கேமராவைத் திருப்பாமல், ஃபோகஸைத் தொடாமல் எடுத்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம் வி1. 2 நிமிடப் படங்கள் 120 எடுத்து ஒரே படமாக அடுக்கினேன், மொத்தம் 4 மணி நேரம். 12 நாள் கழித்து மறுபடியும் அதே அளவு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒரு புள்ளி மட்டும் தெளிவாக மங்கியிருக்கிறது! நட்சத்திர வரைபடத்தோடு மூன்று முறை ஒப்பிட்டேன். அதுவேதான்.

1923 அக்டோபரில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வான் ஆய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த கண்ணாடித் தட்டில் ஹப்பிள் இதை முதலில் நோவா (திடீரெனப் பிரகாசித்து மங்கும் நட்சத்திரம்) என்று குறித்து, பிறகு அடித்துவிட்டு 'மாறும் நட்சத்திரம்' என்று எழுதினார். சுமார் 31 நாளுக்கு ஒருமுறை ஒளி கூடிக் குறையும் 'செபீட்' வகை நட்சத்திரம் இது. செபீடின் சுழற்சி எவ்வளவு நீளமோ அவ்வளவு அதன் உண்மையான பிரகாசம் அதிகம் என்று வானியலாளர் ஹென்ரியெட்டா லீவிட் 1912-இல் வெளியிட்ட விதி இருந்ததால்தான் அந்த நாள்கணக்கிலிருந்து தூரம் கிடைத்தது. லீவிட்டின் பெயரை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். ஹப்பிளுக்கு வந்த விடை சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. இன்றைய கணக்கு 25 லட்சம். குறைவாக வந்த அந்த எண்ணே ஆண்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு வெளியே இருக்கிறது என்று காட்டப் போதுமானதாக இருந்தது.

என் சென்சாரில் விழுந்த ஒளி கிளம்பியபோது நம் மனித இனமே தோன்றியிருக்கவில்லை. அடுத்து முழு 31 நாள் சுழற்சியையும் எடுத்து ஒளி வளைவு (நாளுக்கு நாள் பிரகாசம் மாறுவதைக் காட்டும் கோடு) வரையப் போகிறேன்.