பாலிஷ் பேடை எப்படிக் கழுவிக் காயவைக்கிறீர்கள்?

வணக்கம், காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் பழைய கறுப்பு அம்பாசடருக்கு நானே பாலிஷ் போடுகிறேன். பெயிண்டின் மேல் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) கிடையாது. அதனால் பெயிண்டே தேய்ந்து ஒட்டி, ஒரு கதவு முடிவதற்குள் பாலிஷ் மெஷினில் மாட்டும் ஃபோம் பேட் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிடுகிறது. மெஷினை மெதுவாக ஓடவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் காய்ந்த காம்பவுண்ட் (தேய்க்கும் பாலிஷ் பசை) தூளாக உதிர்கிறது. உள்ளே இறங்கியது மட்டும் போகவில்லை.

போன வாரம் வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். பேடை மெஷினில் ஒட்டவைக்கும் பின்பக்க வெல்க்ரோ பசைவிட்டு ஓரத்தில் பிரிந்துவிட்டது. சூடுதான் காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த பேடை வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நிழலில் வைத்தேன். நடு ஈரம் போக 2 நாள் ஆனது, அதற்குள் செம்மண் புழுதி படிந்துவிட்டது. ஒரு மணல் துகள் போதுமே, பானட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல் விழ!

பச்சைத்தண்ணீரும் பாத்திரம் கழுவும் லிக்விடும் போதுமா? கையால் பிழிவதா, மெஷினில் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுவதா? கம்பளி பேடுக்கு ஏர் கம்ப்ரஸர் காற்று அடித்தால் சரியாகுமா? காய்ந்தபின் எதில் போட்டு வைக்கிறீர்கள்?

அடுத்த மாதம் தங்கச்சி கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான். செய்து பார்த்த அண்ணன்மார் சொல்லுங்கள்.