வேலூர் வெயிலுக்குக் கெட்டி ஆயில் ஊத்தி நான் பட்ட பாடு

வண்டி 2013 ஸ்விஃப்ட் பெட்ரோல். போன சித்திரைல இன்ஜின் ஆயில் மாத்தத் தெருமுனை மெக்கானிக் கடைக்குப் போனேன், சின்ன வயசுலேந்து பழக்கம், "தம்பி, இந்த வேலூர் வெயிலுக்கு 5டபிள்யூ30லாம் தண்ணி மாதிரி ஓடிரும், நான் கெட்டியா போட்டு விடுறேன்"னு 20டபிள்யூ50 ஊத்திட்டாரு, நானும் பெரியவரு சொல்றாரேன்னு பேசாம இருந்துட்டேன். மறுநாள் காலைல ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு டேப்பட் (வால்வத் தள்ளுற பாகம்) சத்தம், நாலஞ்சு செகண்ட் கழிச்சுதான் அடங்குது. மைலேஜ் வேற 17லேந்து 15க்கு வந்துருச்சு, ஏசி போடுறதால இருக்கும்னு ஒரு மாசம் மனச தேத்திக்கிட்டேன். அப்புறம்தான் டேஷ்போர்டுல கெடந்த மேனுவல எடுத்துப் பிரிச்சேன் (பத்து வருஷத்துல மொத தடவை), 5டபிள்யூ30ன்னு தெளிவா போட்டிருக்கு. நானே கேன் வாங்கிட்டுப் போயி அவர்கிட்டயே மாத்துனேன். சத்தம் போச்சு, ஆனா அவரு மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டாரு.

—

அண்ணே, இந்த வெயில் கதைய எங்கப்பாவும் சொல்வாரு. வெளிய 42 டிகிரி அடிச்சாலும் சரி ஊட்டில 10 டிகிரி இருந்தாலும் சரி, தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் சேந்து கூலன்ட்ட (இன்ஜினக் குளிர்விக்கிற தண்ணி) 90 டிகிரி பக்கத்துல பிடிச்சு வெச்சுக்கும், சூடேறி ஓடுற இன்ஜினுக்கு ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். டபிள்யூக்கு முன்னாடி இருக்குற நம்பர் குளிர்ல எப்படி ஓடும்ங்கிறதுக்கு, பின்னாடி இருக்குறது 100 டிகிரில எவ்ளோ கெட்டியா நிக்கும்ங்கிறதுக்கு. காலைல 28 டிகிரி நமக்குத்தான் புழுக்கம், ஆயிலுக்கு அது குளிர், அப்ப பல மடங்கு கெட்டியா கெடக்கும், 20டபிள்யூ50ன்னா இன்னும் கெட்டி. உங்க டிக் டிக் அங்கேந்துதான் வந்துச்சு.

—

நான் மாத்திச் சொல்றேன், அடிக்க வராதீங்க. பழைய மாருதி 800, 1.6 லட்சம் கிலோமீட்டர் ஓடுனது, வால்வு சீல் போயி, ஆயில் உள்ள எறங்கி எரிஞ்சு, காலைல ஸ்டார்ட் பண்ணா பக்கத்து வீட்டு மாடி வரைக்கும் நீலப்புகை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குடிக்கும். இன்ஜின் பிரிக்கக் காசில்ல, ஒரு கிரேடு ஏத்திக் கெட்டி ஆயிலா போட்டேன், புகை நல்லா கொறஞ்சுச்சு. சீல் ஒண்ணும் சரியாகல, ரெண்டு வருஷம் நாள் தள்ளுச்சு.

—

டீசல் வெச்சிருக்கவங்க கவனிங்க. என்னோடது 2021 பிஎஸ்6. 5டபிள்யூ30ன்னு நம்பர் பாத்துதான் வாங்குனேன், கேன் பின்னாடி சி2, சி3ன்னு ஆயில் ரகம் பொடி எழுத்துல இருக்கும்ல, அத பாக்கல. டிபிஎஃப் (புகைல வர்ற கரியப் பிடிக்கிற ஃபில்டர்) இருக்குற வண்டிக்கு சாம்பல் கம்மியா விடுற ஆயில்தான் போடணுமாம், கரின்னா ரீஜென் ஆகும்போது, அதாவது ஃபில்டர் சூடேறித் தன்னத்தானே சுத்தம் பண்ணும்போது, எரிஞ்சு போயிரும், ஆயில்லேந்து வர்ற சாம்பல் எரியாது, ஃபில்டர்லயே தங்கிரும். ரெண்டாயிரம் கிலோமீட்டர்லயே விஷயம் தெரிஞ்சு முழுசா இறக்கிட்டேன். டிபிஎஃப் மாத்த என்ன ஆகும்னு ரேட் கேட்டதுலேந்து பின்பக்கம் படிக்காம எதையும் வாங்குறதில்ல, பாமாயில் உட்பட.

—

அளவ யாருமே சொல்லலையே? என் வண்டிக்கு மூணு லிட்டர்கூட பிடிக்காது, கேன் மூன்றரை லிட்டர். "மிச்சம் வெச்சா வேஸ்ட்டுக்கா"ன்னு பையன் மொத்தத்தையும் கவுத்துட்டான். ஆயில் அளவு பாக்குற கேஜ உருவி, துணில தொடைச்சு, திரும்ப விட்டு எடுத்தா மேல் புள்ளியத் தாண்டி ஒரு விரக்கடை! அப்படியே ஓட்டுனா உள்ள சுத்துற கிராங்க் தண்டு ஆயில அடிச்சு நுரை கட்டிரும்னு ட்ரெயின் நட்ட லூஸ் பண்ணி இறக்க வெச்சேன். காலி கேனையும் கேட்டு வாங்கிருங்க, அதுலதான் டூப்ளிகேட் அடைச்சு விக்கிறாங்க. நான் ஆணியால ஓட்டை போட்டுதான் பழைய பேப்பர்காரர்கிட்ட போடுவேன்.

—

அக்கா சொன்னத படிச்சிட்டு இப்பதான் கீழ போயி கேஜ் பாத்தேன். எனக்கும் அரை விரல் மேலதான் நிக்குது. நாளைக்கு மறுபடி அவர்கிட்டயே போகணும், மூஞ்சி இன்னும் எறங்கல.