"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்த வருடம்

தொடக்கப் பதிவு

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து வேலைக்கு வந்து இது ஏழாவது வருடம். ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் மூன்று அரசு நடுநிலைப் பள்ளிகளுக்குச் சமூகப் பணியாளராகப் போய்வருகிறேன். போன மாதம் பதவி உயர்வு நேர்காணலில் "இத்தனை வருஷத்துல தொழில்ல என்ன வளர்ந்திருக்கீங்க?" என்று கேட்டார்கள். முடித்த பயிற்சிகளை ஒப்பித்துவிட்டு வந்தேன். சரியான பதில் திரும்பி வரும் பேருந்தில்தான் தோன்றியது. ஒரு வாக்கியத்தைச் சொல்வதை நிறுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். அதை இங்கே எழுதுகிறேன். நீங்களும் உங்களுடையதை எழுதுங்கள். ஆள், ஊர் அடையாளம் தெரிய வேண்டாம். நானும் சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் வருடம். எனக்கென்று அறை கிடையாது. சத்துணவுக் கூடத்தை ஒட்டிய சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெஞ்சு. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்று நாளாக வாசல் வரை வந்து, எதையாவது கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். "அக்கா, சொன்னா யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "சத்தியமா சொல்ல மாட்டேன்டா" என்றேன்.

வீட்டுக்கு வந்துபோகும் உறவினர் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். பாதியிலேயே என் வயிறு கலங்கிவிட்டது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு கல்லூரியில் மனப்பாடம் செய்ததுதான். குற்றம் நடந்தது தெரிந்த எவரும் தகவல் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் 21-ஆவது பிரிவின்படி அதுவே குற்றம். தேர்வில் எழுதியதுதான், ஆனால் அரிசி மூட்டை மேல் கைவைத்துக்கொண்டு ஒரு குழந்தை பேசும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

தலைமை ஆசிரியர் கெட்டவர் அல்ல. ஆனால் முதலில் சொன்னது, "ஸ்கூல் பேரு கெட்டுடும்மா, அம்மா அப்பாவைக் கூப்பிட்டுப் பேசி முடிச்சுக்கலாம்." எங்கள் மேற்பார்வையாளர் வந்து அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒரு மதியம் முழுக்கப் போனது. பிறகு காவல் நிலையத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தகவல் போனது. குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. வந்த எஸ்.ஐ. அம்மாவும் சுடிதாரில்தான் வந்தார். ஆனால் தெருமுனையில் நின்ற ஜீப்பை என்ன செய்வது? அரை மணி நேரத்தில் தெருவே கூடிவிட்டது.

அந்தப் பெண் இரண்டு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வராந்தாவில் வந்தால் தூணுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். செய்தது சரி என்று எல்லாரும் சொன்னார்கள். சரிதான். ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டு உடைத்தவள் நான்.

இப்போதெல்லாம் பிள்ளை உட்கார்ந்ததுமே சொல்லிவிடுகிறேன்: "நீ சொல்றது நமக்குள்ளதான் இருக்கும். ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா நான் ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்லப் போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லுவேன்." இதைக் கேட்டதும் சில பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். ஆரம்பத்தில் பயமாக இருந்தது. ஆனால் பெரும்பாலும் திரும்பி வருகிறார்கள், சிலர் அடுத்த வாரமே. அதற்குள் பாதி முடிவு அவர்களே எடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணும் திரும்பி வந்தாள். வந்து கேட்டது ஸ்டேப்ளர்.

செங்கல்பட்டுக்காரன்

படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை, அக்கா. என்னுடையது இவ்வளவு கனமானது இல்லை.

2023-இல் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் பீரியடில் தினமும் தூங்கினான். "ராத்திரி பூரா போன் பாக்குறான் சார்" என்றார் வகுப்பு ஆசிரியர். நானும் என் குறிப்பேட்டில் 'அலைபேசி அடிமைத்தனம், பெற்றோருக்கு ஆலோசனை தேவை' என்று கெத்தாக எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "நீ பாத்தியா?"

மறுநாள் எட்டு மணிக்கே போய் நின்றேன். காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். நம்ம ஆள் குழாயடியில் நின்று முகம் கழுவினான், அப்புறம் மறுபடியும் முகம் கழுவினான். அவன் தங்கை மூன்றாம் வகுப்பு. சாப்பிட்டு முடித்து, டப்பா மூடியில் ஒரு கைப்பிடி பொங்கலை மறைத்து எடுத்து வந்து அவனிடம் கொடுத்தாள். அம்மா ஐந்தரை மணிக்கே கம்பெனி வேனில் போய்விடுகிறார். போன வருடம் வரை இவனும் அந்த வரிசையில் இருந்தவன்தான். ஐந்திலிருந்து ஆறுக்குப் போனான், காலைச் சாப்பாடு போய்விட்டது. வீட்டில் இருந்த ஒரே போனை அம்மா வேலைக்கு எடுத்துப் போகிறார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினோம். பையன் பெயரைச் சொல்லவில்லை, 'ஆறு, ஏழு, எட்டுல யார் யார் சாப்பிடாம வர்றாங்க' என்று பொதுவாகத்தான் பேசினோம். மகளிர் குழுவில் இருக்கும் ஒரு அம்மா வாரத்தில் மூன்று நாள் சுண்டல் வேகவைத்துத் தருவதாகச் சொன்னார். இது தீர்வு இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அன்றிலிருந்து குறிப்பேட்டில் நான் கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், அடுத்தவர் சொன்னது ஒரு பக்கம். என் அபிப்பிராயத்துக்குப் பென்சில்.

கடலோரத்தாள்

எங்கள் பகுதியில் எட்டாம் வகுப்புப் பெண்கள் திடீரென்று வராமல் போனால் பாதிக் காரணம் தெரிந்ததுதான், 'பெரிய பொண்ணாயிட்டா'. சடங்கு முடிந்து, அடுத்து உறவில் பேச்சு ஆரம்பித்துவிடும். முதல் வருடம் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை நீட்டி முழக்கினேன். தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

இப்போது அங்கன்வாடி அக்காவோடு போகிறேன். பூ, பழம் வாங்கிக்கொண்டு சடங்குக்கே போய்விடுகிறேன். புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். எட்டோடு நின்றால் அது கிடையாது. அம்மாக்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரிகிறது. சட்டம் என் பையில் எப்போதும் இருக்கிறது. தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடவும் தயங்க மாட்டேன். அதை முதலில் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

செங்கல்பட்டுக்காரன்

சூளைப் பிள்ளைகளைச் சொல்ல மறந்துவிட்டேன். பொங்கலை ஒட்டி செங்கல் சூளைக்கு வரும் குடும்பங்கள் மழைக்கு முன்னால் போய்விடுகின்றன. ஒடிசாவிலிருந்து வரும் பிள்ளைகளும் உண்டு. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பினால் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவைக் காட்டுங்கள். சான்றிதழ் தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. நான் ஒரு நகல் மடித்து சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஓரம் எல்லாம் கிழிந்துவிட்டது.

புதுசு

வணக்கம். வரும் திங்கட்கிழமை எனக்கு முதல் நாள், ஒரு நடுநிலைப் பள்ளியில். இதையெல்லாம் படித்தால் பயம் கூடுகிறது. என்ன எடுத்துப் போக வேண்டும்?

தொடக்கப் பதிவு எழுதியவர்

பயம் இருக்கட்டும்மா, நல்லதுதான். தண்ணீர் பாட்டில், ஒரு கோடு போட்ட நோட்டு, கலர் பென்சில் ஒரு பெட்டி. கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்காராதீர்கள், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். சத்துணவு ஆயாவிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். யார் இரண்டாம் தடவை சோறு கேட்கிறார்கள், யார் சாப்பிடாமல் கொட்டுகிறார்கள் என்பது வாத்தியாரைவிட அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம், பத்து மணிக்குப் போகாதீர்கள். காலை வழிபாட்டுக்கே போய், கடைசி வரிசைக்குப் பின்னால் நில்லுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து முடிவதற்குள் யார் தூணில் சாய்கிறார்கள் என்று பாருங்கள்.