கலிஃபோர்னியா கவுன்ட்டி நீதிபதி தேர்தல்: பெரும்பாலானோர் வாக்குச்சீட்டிலேயே இல்லையே?

கயல்: லாஸ் ஏஞ்சலஸ் சுப்பீரியர் கோர்ட்டில் (கவுன்ட்டி, அதாவது மாவட்டம் போன்ற பகுதியின் விசாரணை நீதிமன்றம்) நூற்றுக்கணக்கான நீதிபதிகள் இருக்கிறார்கள். பதவிக்காலம் 6 வருடம். ஆனால் வாக்குச்சீட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இடங்கள் வருகின்றன. மற்றவர்கள் எங்கே? ஓர் அரசு வழக்கறிஞர் நிற்க நினைத்தால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வாய்தா: எதிர்த்து யாரும் மனு போடவில்லை என்றால் பதவியில் இருக்கும் நீதிபதியின் பெயர் பொதுவாக வாக்குச்சீட்டில் அச்சாகாது. தேர்தல் நடக்காமலே அடுத்த 6 வருடம் கிடைத்துவிடும். சாண்டா கிளாரா கவுன்ட்டியின் ஆரன் பெர்ஸ்கி 2016-இல் அப்படித்தான் தொடர்ந்தார். 2018-இல் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பில் பதவி போனது.

இன்னொன்று, பெரும்பாலானவர்கள் கவர்னர் நியமனத்தில் வந்தவர்கள். நடுவில் காலியாகும் இடத்துக்கு அவர்தான் ஆள் போடுவார். காலியான பிறகு வரும் இரண்டாவது ஜனவரி 1-ஐத் தாண்டிய பொதுத்தேர்தலில்தான் அந்த இடம் மக்களிடம் வரும். 2023 மார்ச்சில் காலியானால் இரண்டாவது ஜனவரி 1 என்பது 2025; அதற்கு அடுத்த பொதுத்தேர்தல் 2026 நவம்பர். அதற்குள் நியமனம் பெற்றவருக்கு 'நீதிபதி' என்ற பட்டம் இருக்கும். எதிர்த்து நிற்கப் பலர் துணிவதில்லை.

படிக்கட்டு: நிற்பதற்கு முதல் தகுதி, கலிஃபோர்னியா பாரில் (மாநில வழக்கறிஞர் அமைப்பில்) தொடர்ந்து 10 வருடம் உறுப்பினராக இருப்பது. அடுத்து இடத்தைத் தேர்ந்தெடுப்பது. ஒவ்வொரு இடத்துக்கும் தனி எண் உண்டு. "முதல் பத்துப் பேர் ஜெயிப்பார்கள்" என்ற கணக்கு இங்கே கிடையாது. நிற்கும் எண்ணை விருப்ப அறிவிப்பிலேயே (போட்டியிடப் போகிறேன் என்று முன்கூட்டியே தரும் படிவம்) எழுத வேண்டும், ஒரே தேர்தலில் இரண்டு எண்ணுக்குப் போட முடியாது. அறிவிப்போடு ஆண்டுச் சம்பளத்தில் 1% கட்டணம் கட்டணும், அது திரும்ப வராது. வாக்காளர்களின் கையெழுத்து வாங்கித் தந்து ஈடு செய்யலாம்.

இந்த அறிவிப்புக்கான காலம் சில நாள்தான். மனுத்தாக்கல் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். தேதியைத் தவறவிட்டால் அந்த முறை அவ்வளவுதான். பதவியில் இருப்பவர் அறிவிப்புத் தராமல் விட்டால் மட்டும் மற்றவர்களுக்கு மனுத்தாக்கலின் முதல் நாள் வரை அவகாசம் நீளும். ஓய்வு பெறுகிறவரின் இடம் எது என்று தெரிந்துகொள்ளக் கடைசி நாள் வரை ஆட்கள் தேர்தல் பதிவாளர் அலுவலகப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

முதல்நிலைத் தேர்தலில் பாதிக்கு மேல் வாக்கு வாங்கினால் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள்.

கயல்: கட்சிப் பெயர் இல்லை. பெயருக்குக் கீழே தொழில் மட்டும்தானே? அதில் எதையும் எழுதலாமா?

வாய்தா: முன்பு அரசு வழக்கறிஞர்கள் கொலை, கும்பல் வழக்குகளைச் சொல்லி அலங்காரமாக எழுதுவார்கள். 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அரசில் வேலை செய்யும் வழக்கறிஞர் தன் பதவியைக் குறிப்பிட்டால் உண்மையான பதவிப் பெயரையும் எந்த அரசு அமைப்பு என்பதையும்தான் எழுத வேண்டும்; இல்லையென்றால் 'வழக்கறிஞர்' போன்ற பொதுச் சொல்தான். தனியார் வழக்கறிஞருக்கும் கட்டுப்பாடு உண்டு. நல்ல திருத்தம், ஆளைத் தெரியாத வாக்காளர் கடைசியில் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் குத்துகிறார்.

படிக்கட்டு: வாக்காளர் கையேட்டில் வரும் அறிக்கையில் தன் பின்னணி, தகுதி மட்டும்தான் எழுதலாம். எதிராளியைக் குறிப்பிடக் கூடாது. அச்சுச் செலவு வேட்பாளர் தலையில் விழும்; பெரிய கவுன்ட்டியில் அந்த 1% கட்டணத்தைவிட இது பல மடங்கு. அதனால் அந்தப் பக்கத்தில் ஒரு பெயர் இல்லாவிட்டால் ஆள் சரியில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி பார் (வழக்கறிஞர்கள்) சங்கம் வேட்பாளர்களை மதிப்பிட்டு வெளியிடுகிறது. 'தகுதியில்லை' என்ற குறிப்பு யாருக்கு இருக்கிறது என்று முதலில் அதைப் பாருங்கள்.